செப்டிக் டேங்க் மூடி என்னும் அசையாச் சொத்து

வீடு கட்டுகிற நம்மவர்கள் தலைவாசலுக்குக் காட்டுகிற சிரத்தையை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. நல்ல தேக்காகப் பார்த்து, நாளும் நட்சத்திரமும் பார்த்து, நிலை வைப்பதற்கென்றே உற்றாரை அழைத்துப் பூஜை செய்து, நிலைக்கு அடியில் நவரத்தினமும் நாணயமும் இட்டு, கஜலக்ஷ்மியையும் அன்னபட்சிகளையும் செதுக்கச் சொல்லி, கீலும் தாழ்ப்பாளும் இன்ன கடையில் இன்ன சரக்கு என்று விசாரித்து வாங்குகிற அதே கிருஹஸ்தர், அதே வீட்டின் கொல்லையில் இருக்கிற இன்னொரு வாசலை (செப்டிக் டேங்க் மூடியைத்தான் சொல்லுகிறேன்) எப்படித் திறப்பது, யார் திறப்பது, திறக்கிறவன் எதைப் பிடித்துத் தூக்குவது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பாரா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

(சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் முதலில் கை கழுவிவிட்டு வந்துவிடுங்கள். பதிவு எங்கும் ஓடிப்போகாது.)

இந்தப் புராணத்தை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. மதுரையின் புறநகரில், பாதாளச் சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத ஒரு தெருவில், பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறோம். எங்களுக்கு விற்றவர் நல்ல மனிதர். வாங்க வருகிறவர் கண்ணுக்கு வீடு லக்ஷணமாகத் தெரிய வேண்டுமென்ற நல்லெண்ணத்தில், கொல்லை முழுவதும், சுவரிலிருந்து சுவர் வரையில், ஓர் இடைவெளி இல்லாமல் சிவப்பும் சாம்பலுமாகப் பார்க்கிங் டைல்ஸ் பதித்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டம்மாள் இந்த வீட்டுக்குச் சம்மதம் சொன்னதே அந்தக் கொல்லையைப் பார்த்துத்தான். அந்தச் சௌந்தரியத்துக்குக் கீழே எங்கேயோ தொட்டி இருக்கிறது என்பது பத்திரத்தை எழுதியவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூடி எங்கே என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அண்மையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் கீழ்வீட்டுக் கழிப்பறை தண்ணீரை உள்ளே வாங்க மறுத்து, கொடகொடவென்று எதிர்ப்புத் தெரிவித்தபோது, கழிவுநீர் வண்டிக்குச் சொல்லி அனுப்பினோம்.

வண்டி வந்தது.

ஓட்டுநர் இறங்கி, ஹோஸை உருவி முழங்கையில் சுற்றிக்கொண்டு, கொல்லைக்கு வந்து நாலு திக்கும் பார்த்தார்.

"அண்ணே, மூடி எங்கிட்டு இருக்கு?"

"அதைத்தான் தம்பி நானும் தேடிக்கிட்டு இருக்கேன்."

"மூடியே தெரியாம நான் எங்கண்ணே ஹோஸை விடுறது? ஆளை வச்சுத் தொறந்து வச்சுட்டு ஒரு போனைப் போடுங்க, ஓடியாந்துர்றேன்" என்று சொல்லி, வந்து போன டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் பேரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் நாலு பேரை அழைக்க வேண்டியிருக்கிறது. செப்டிக் டேங்க் திறக்கவில்லை என்ற சமாசாரம் மட்டும் அழைப்பில்லாமலே தெரு முழுவதும் பரவி, ஆளுக்கோர் அபிப்பிராயத்தோடு எல்லோரும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் கார் ஜாக்கியைக் கொக்கியில் மாட்டி ஏற்றிவிடலாம் என்றார் (கொக்கி இருந்தால் அது சரியான யோசனையே). எதிர்வீட்டு அத்தை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றச் சொன்னார். ஒரு வாலிபர், இடுக்கில் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கொளுத்தினால் சிமெண்டு வெடித்து விட்டுக்கொடுத்துவிடும் என்று தாம் எங்கேயோ வீடியோவில் கண்டதாகச் சொன்னார். அவருக்குக் காபி கொடுத்து, தொட்டியிலிருந்து தூரமான ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

மூடியைக் கண்டுபிடிப்பது ஒரு தனி சாஸ்திரம். கழிப்பறையின் பின்சுவரில் குழாய் வெளியேறுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, அது போகிற திக்கிலே நேராக ஒரு கோடு மனத்தில் போட்டால், தொட்டி பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே அகப்படும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு வடமேற்கே போயிற்று. வாயு மூலையில்தான் தொட்டி வைக்க வேண்டும் என்பது வாஸ்துக்காரர்களின் கட்டளை. வாயுவுக்கு வாயு மூலை என்பதில் பொருத்தக் குறைவு ஒன்றும் சொல்வதற்கில்லை. பிறகு கடப்பாரையின் தட்டைப் பக்கத்தால் டைல்ஸின் மேல் தட்டிக்கொண்டே நடந்தால், மண்ணின் மேல் பதித்த இடம் ஒரு விதமாகவும் தொட்டியின் மேல் பதித்த இடம் வேறு விதமாகவும் பேசும். ஆனால், அந்தப் பேச்சு தொட்டியின் எல்லையைச் சொல்லுமே தவிர மூடியின் எல்லையைச் சொல்லாது. அதைச் சொன்னவை கரப்பான்பூச்சிகள். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு டைல்ஸுக்கு நடுவே, பூச்சு விட்டுப்போன ஒரு மயிரிழைப் பிளவிலிருந்து, செம்பழுப்பு மீசைகள் இரண்டு முதலில் வெளிப்பட்டு நிதானமாக இப்படியும் அப்படியும் ஆடி விசாரித்து, பிறகு உடையவர் முழுதாக வெளியே வந்து, அவருக்குப் பின்னால் குடும்பம் வந்தது. அந்தப் பிளவின் இரு முனைகளிலும் சாக்கட்டியால் குறியிட்டேன்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 2000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு உள்ளே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, முன்னறையை மூன்றில் இரண்டு பங்காகவும் பின்னறையை ஒரு பங்காகவும் விடுவது வழக்கம். ஆகவே மூடியும் இரண்டு இருக்கும். கசடு பெரும்பாலும் சேருவது கழிப்பறைக் குழாய் வந்து விழுகிற முன்னறையில்தான். சுலபமாகத் திறக்கிறதே என்று பின்னறை மூடியைத் திறந்து தெளிந்த நீரை மட்டும் உறிஞ்ச விட்டு, வண்டிக்குக் கூலியும் கொடுத்துவிட்டு, மறு மாதமே அதே அவஸ்தைக்கு ஆளானவர்களை நான் அறிவேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். குறியிட்ட டைல்ஸை உளியால் பெயர்த்தார். அதன் கீழே மணல் கலவை. அதன் கீழே, அடடா, வீட்டுத் தரைக்குப் போடுகிற பதத்தில் கெட்டியாகச் சிமெண்டுப் பூச்சு. நாற்றம் வரக்கூடாது, பூச்சி வரக்கூடாது என்று மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் இருந்த சந்து முழுவதையும் யாரோ ஒரு புண்ணியவான் அடைத்து, மேலே ஒரு கோட்டிங்கும் இழுத்து, மூடி, சட்டம், தொட்டி மூன்றையும் ஏகசிலையாக்கி வைத்திருந்தார். கொக்கி இருந்த குழியில் கையை விட்ட கொத்தனார், துருத் துகளைத்தான் வெளியே எடுத்தார். பிறகு யோசிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார்.

"அண்ணே, பீடியை உள்ள வையுங்க."

"இன்னும் தொறக்கவே இல்லையே சார்."

"தொறந்தப்புறம் கேட்க நான் இருப்பனான்னு தெரியல, அதான் இப்பவே சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே பீடியைத் திரும்பக் காதில் வைத்தார். தொட்டிக்குள் உண்டாகிற வாயுக்களில் மீத்தேன் ஒன்று. காற்றில் அது ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கையில் ஒரு பொறி பட்டால் போதும், வெடிக்கும். நெருப்பு, சிகரெட்டு, சாம்பிராணி, பெட்ரோல் வீடியோ பார்த்த வாலிபர் ஆகிய யாவும் விலக்கத்தக்கவை. பொறி பறக்கிற கட்டிங் மெஷினையும் இந்தக் காரணத்தாலேயே நான் வேண்டாம் என்றேன்.

மூடி ஏன் இப்படிச் சிக்கிக்கொள்ளுகிறது என்பதை யோசித்தால், பூச்சு பூசினவர் பாதிக் குற்றவாளிதான். மீதிப் பாதி உள்ளே நடக்கிறது. காற்றில்லாத இருட்டில் வாழ்கிற நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்கும்போது, அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு எழும்புகிறது. அது மூடியின் அடிப்பக்கத்தில் எப்போதும் வியர்த்திருக்கிற ஈரத்தில் போய் ஒட்ட, அங்கே குடியிருக்கிற வேறொரு ஜாதி நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகின்றன, அமிலம் சிமெண்டை அரித்து மாவாக்குகிறது, மாவான இடத்தின் வழியாக ஈரம் உள்ளிருக்கும் கம்பியைச் சேருகிறது, கம்பி துருவேறுகிறது. துருவுக்கு இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடம் வேண்டுமாதலால், அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து, மூடியின் விளிம்பைச் சட்டத்தோடு இறுக்குகிறது. மேலே பார்த்தால் திடகாத்திரம். கீழே பார்த்தால் க்ஷயரோகம். ஆகையால் நாட்பட்ட மூடியின் மேல் ஏறி நின்றுகொண்டு அதைத் திறக்க முயல்வது, நிற்கிறவருக்கு ஆயுள் கெட்டியா என்று ஜாதகம் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டிய காரியம். குழந்தைகளையும் வாகனங்களையும் அதன் மேல் விடுவதும் அப்படியே.

இனி, திறந்த விதம். (பூச்சால் இறுகிய சிமெண்டு மூடிக்கு மட்டுமே இது பொருந்தும். வார்ப்பிரும்பு மூடி உள்ளவர்கள் துருநீக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊற விட்டு, ஒரு மரக்கட்டையை வைத்து அதன் மேல் சுற்றிச் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் மசியும். சிமெண்டுக்கு எண்ணெய் விடுவது எண்ணெய்க்கு நஷ்டம்.)

இடத்தை நன்றாக நனைத்துவிட்டு, மூடியின் நாலு பக்கமும் தட்டை உளியால் பூச்சைச் சிறிது சிறிதாகக் கொத்தி எடுத்து, ஒரு விரல் நுழைகிற காடியாக்கினார் கொத்தனார். அவசரப்படுகிறவர்கள் தோற்கிற இடம் இதுதான். மூன்று பக்கம் கொத்திவிட்டு நாலாவது பக்கத்தைக் கடப்பாரையால் சமாளித்துக்கொள்ளலாம் என்கிற சோம்பேறித்தனத்தினால்தான் மூடிகள் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுகின்றன. காடி முழுதும் ஆன பிறகு, மண்ணையும் துகளையும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, மூடியின் விளிம்பில் கட்டை வைத்து நிதானமாகத் தட்டிக்கொண்டே வந்தோம். ஒரு மூலையில் சத்தம் மாறிற்று. பிடி விட்டுவிட்டது என்று கொத்தனார் தலையை ஆட்டினார்.

2 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் மூடி ஒன்று ஏறக்குறைய 70 கிலோ எடை இருக்கும். இதை இருவர் குனிந்து தூக்குவது என்பது முதுகெலும்பை ஏலத்தில் விடுவதற்குச் சமானம். 5 அடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரை அடி தள்ளி ஒரு செங்கல்லை அண்டைக் கொடுத்தால், நாம் கொடுக்கிற பலம் ஒன்பது மடங்காகிவிடுகிறது. கொத்தனார் நெம்பு கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை, ஆனால் செங்கல்லை அரை அடிக்கு ஓர் அங்குலம் கூடத் தள்ளி வைக்கவில்லை. விளிம்பு ஓர் அங்குலம் எழும்பியதும் மர ஆப்பைச் செருகினோம். இன்னும் எழும்பியதும் இன்னொன்று. விரலைச் செருகுவது மகா பாவம். எதிர்ப்பக்கத்தையும் அவ்விதமே எழுப்பி, இரண்டு ஜி.ஐ. பைப் துண்டுகளைக் குறுக்கே அடியில் கொடுத்து, மூடியைத் தூக்காமல் உருட்டியே பக்கத்துத் தரைக்குக் கொண்டுபோய்விட்டோம். கடைசி உருட்டலில் அதன் ஒரு மூலை, உள்ளங்கை அகலம், பொட்டென்று உடைந்து தொட்டிக்குள் விழுந்தது.

"சின்னப் பயலை இறக்கி எடுத்துரலாம் சார், ஒரு நிமிஷம்" என்றார் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். இரண்டு தலைமுறைகளாகக் காதில் விழுந்து வந்த வாக்கியத்தை அப்படியே சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. தொட்டிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். அதன் அளவு கூடும்போது முதலில் மூக்கின் உணர்ச்சியைத்தான் மரக்கடிக்கிறது. நாற்றம் நின்றுவிட்டதே என்று தைரியம் கொள்ளுகிறவன் அந்தத் தைரியத்திலேயே மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து விழுகிறார்கள். பத்திரிகைகளில் நாம் படிக்கிற மூன்று பேர், நாலு பேர் மரணங்கள் பெரும்பாலும் இவ்விதம் நேர்ந்தவையே. தகுந்த பாதுகாப்பில்லாமல் ஓர் ஆளைச் செப்டிக் டேங்க்கில் இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. இறக்கச் சொன்ன வீட்டுக்காரரையும் அது விடாது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது என்பதிலேயே நம்முடைய யோக்கியதை தெரிகிறது. ஒரு சிமெண்டுத் துண்டு தொட்டியில் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அது அங்கேயே கிடக்கிறது. சௌக்கியமாகக் கிடக்கட்டும்.

திறந்த வாயைச் சுற்றி நாற்காலிகளையும் பெஞ்சையும் போட்டு வேலி கட்டி, யாரும் குனிந்து எட்டிப் பார்க்காமல் காவல் இருந்து, மத்தியானம் வரையில் காற்றாட விட்டோம். பிறகு போன் போட்டதும் அதே ஓட்டுநர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். மோட்டார் ஓட, ஹோஸ் துடிக்க, நிமிஷங்களில் வேலை முடிந்தது. நான் ஒரேயடியாகக் கழுவி விட்டுவிடச் சொன்னபோது அவர் மறுத்தார்.

"அடியில கொஞ்சம் விட்டு வைக்கணும்ணே. தயிருக்கு உறை விடுறாப்ல. அது இருந்தாத்தான் உள்ள சீக்கிரம் வேலை நடக்கும். பினாயிலையும் ஆசிட்டையும் வாளி வாளியா ஊத்தாதீங்க, எல்லாம் செத்துரும்."

நான் புஸ்தகங்களில் படித்திருந்ததை இவ்வளவு தெளிவாக ஒரு புஸ்தகமும் சொன்னதில்லை.

புஸ்தகம் என்றதும் நினைவு வருகிறது. இந்தத் தொட்டிக்கு மூலபுருஷர் என்று சொல்லப்படுகிறவர் பிரான்ஸ் தேசத்தில் வெசூல் என்ற ஊரைச் சேர்ந்த ழான் லூயி மூரா. 1860 வாக்கில் தம் வீட்டுக் கழிவையெல்லாம் காற்றுப் புகாத ஒரு தொட்டியில் விழும்படி செய்து, பன்னிரண்டு வருஷங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, உள்ளே கெட்டிப் பொருள் ஏறக்குறைய இல்லாதிருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார் என்று சொல்லுகிறார்கள். 1881-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் டொனால்டு கேமரூன் என்பவர் அதை அபிவிருத்தி செய்து, இன்று நாம் வழங்குகிற செப்டிக் டேங்க் என்ற பெயரையும் வைத்தார். மூராவின் தொட்டியைப் பற்றி நான் படித்த இடங்களிலெல்லாம் உள்ளே என்ன இருந்தது என்பதை விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் மூடிக்கிடந்த அந்த மூடியை யார், எந்தக் கடப்பாரையால் நெம்பினார்கள் என்று ஒரு வரி இல்லை. பிரெஞ்சுக் கொத்தனார் ஒருவர் அங்கேயும் பீடிக்குத் தவித்திருக்க வேண்டும்.

புது மூடி விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. டைல்ஸ் விட்டுப்போன சதுரம் கண்ணை உறுத்துகிறது, திரும்பவும் மூடிவிடலாம் என்பது வீட்டம்மாளின் கட்சி. அவளுடைய அழகுணர்ச்சியை மதித்து, அதே டைல்ஸை ஓர் இரும்புத் தட்டில் பதித்து மேலே வைக்கிற வகை மூடி கடையில் கிடைக்கிறதே என்று காட்டினேன். விலையைக் கேட்டதும் அழகுணர்ச்சி ஒருவாறு சாந்தமடைந்தது. முடிவாகக் கொத்தனாரே ஒரு மூடி வார்த்தார். மேற்பக்கம் சற்று அகலமாகவும் அடிப்பக்கம் சற்றுக் குறுகலாகவும் விளிம்பைச் சாய்த்து வார்க்கச் சொன்னேன். அப்படி இருந்தால் ஓர் அங்குலம் எழும்பினாலே முழுதும் விடுபட்டுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி இரண்டு, ஆளுக்கொரு பக்கம். சட்டத்தைத் தரை மட்டத்துக்கு மேல் மூன்று அங்குலம் உயர்த்தியாயிற்று, மழைத் தண்ணீர் உள்ளே போகாது. (காலில் இடித்துக்கொள்ளுகிறது என்று புகார் வந்திருக்கிறது. பரிசீலனையில் உள்ளது.) மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பாலிதீன் தாளை மடித்து விட்டு, சந்தைச் சிமெண்டுக்குப் பதிலாகப் பிசைந்த களிமண்ணால் அடைத்தோம், நாற்றத்தையும் பூச்சியையும் அது தடுக்கிறது, வேண்டும்போது ஒரு கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். இரண்டு சுவர்களிலிருந்தும் மூடி எத்தனை அடி என்று அளந்து, சுற்றுச்சுவரில் பெயிண்டால் எழுதியதோடு, ஒரு காகிதத்தில் படம் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்த வீட்டை வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்கும்போது இதையும் பார்க்கட்டும்.

பின்னறை மூடியின் டைல்ஸையும் அன்றே பெயர்த்துவிட்டோம். அதன் பக்கத்தில்தான் இன்னொரு சமாசாரம் அகப்பட்டது: தொட்டியின் காற்றுக் குழாய் இடுப்பளவு உயரத்திலேயே அறுக்கப்பட்டு, வாயில் பி.வி.சி. மூடி போட்டு ஒட்டப்பட்டிருந்தது. நாற்றம் வருகிறதென்று அடைத்திருக்கிறார்கள். வெளியே போக வழியில்லாத வாயு வருஷக்கணக்கில் மூடியின் அடியிலேயே வேலை செய்திருக்கிறது. ஐ.எஸ். 2470 என்னும் இந்தியத் தர விதிப்படி அந்தக் குழாய் குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டத்தில், வீட்டை ஒட்டியிருக்கிற பக்ஷத்தில் வீட்டின் உச்சிக்கு மேலே 2 மீட்டர் வரையில் போக வேண்டும். வாயில் கொசுவலையும் வேண்டும். இப்போது அதை மொட்டைமாடிக்கு மேல் ஏற்றுகிற வேலைதான் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக மாடி எடுத்திருப்பதால், தம் பால்கனிக்கு நேராக வருகிறது என்று ஆட்சேபித்து, இன்னும் ஐந்தடி கூட்டச் சொல்லியிருக்கிறார். நியாயமான ஆட்சேபந்தான். கூடுதல் குழாய்க்கு அவரே பணம் தருவதாகவும் சொன்னார். வேண்டாம், காற்றுக்கு ஆடாமல் இருக்க அவர் வீட்டுச் சுவரில் ஒரு கிளாம்ப் அடித்துக்கொள்ள அனுமதித்தால் போதும் என்றேன். கலந்துகொண்டு சொல்லுவதாகப் போயிருக்கிறார்.